நாலு தரம் உரைத்த காசு

டோர்செட் பார்க்கில் சாவி வெட்டும் நீக்கிலாசிடம் இருபதாயிரம் டொலர் பெறுமதியான காசு ஒன்று இருப்பதாக ஒரு கதை. எனக்கு அதைச் சொன்னவர் அதே பிளாசாவில் கொத்துரொட்டிக் கடை நடத்தும் பிரியந்தன். செவ்வாய்க்கிழமை அவர் சொன்னபோது இருபதாயிரம். வெள்ளிக்கிழமை வேறொருவர் சொன்னபோது நாற்பது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது: நீக்கிலாஸ் காசை விற்றுவிட்டார், அஜக்சில் வீடு பார்த்துவிட்டார், பேஸ்மென்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பேசியாகிவிட்டது. ஸ்காபரோவில் வீட்டு விலைகூட இந்த வேகத்தில் ஏறியதில்லை.

கதை சொன்ன ஒருவரும் அந்தக் காசைக் கண்ணால் கண்டவரில்லை. நீக்கிலாசின் கடை பிரியந்தனின் கடையிலிருந்து மூன்றாவது கதவு. போய்க் கேட்டால் கதை முடிந்துவிடும். முடிந்துவிடும் என்பதால்தான் ஒருவரும் போகவில்லை என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை காலை, குதி தேய்ந்த ஒரு சோடிச் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு நான் போனேன்.

கடை ஆறடி அகலம். ஒரு சுவர் முழுக்க வெட்டாத சாவிகள். மறுசுவரில் சப்பாத்துக் குதிகள், மணிக்கூட்டு வார்கள். மூலையில் புனித யாகப்பர் படம். சப்பாத்து முடியும்வரை வெறுங்காலோடு இருக்கிறவர்களுக்கு ஒரு ஸ்டூல். நீக்கிலாசுக்கு ஐம்பத்தேழு வயது. குருநகர் ஆள். இளவயதில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதியவர். உப்புத் தண்ணீர் மூன்று வருடம் அடித்தாலும் அழியாத எழுத்து என்று கரையில் மரியாதை இருந்தது. அவரிடம் ஒரேயொரு பிடிவாதம்: வேலை எப்போது முடியும் என்று நாள் சொல்லமாட்டார். கடைச் சீட்டில் ‘தரும் திகதி’ என்று ஒரு கட்டம் உண்டு. அது எப்போதும் வெறுமையாகவே இருக்கும். “முடிஞ்சால் போன் அடிக்கிறன்” என்பார், அவ்வளவுதான். இதனால் அவரிடம் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. அவர்கள் திரும்பி வந்ததும் உண்டு, ஏனென்றால் மற்றக் கடையில் நாள் சொல்வார்கள், சாவி திறக்காது.

சப்பாத்தைக் கொடுத்துவிட்டு நேரே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து, மருந்துப் போத்தல் ஒன்றின் மூடியைக் கழற்றி, பஞ்சுக்குள் இருந்த ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

இலங்கைக் காசு. பழைய ஐந்து ரூபாய். ஆனால் பாரமே இல்லை. காய்ந்த இலை ஒன்றைக் கையில் வைத்ததுபோல. இரண்டு பக்கமும் மழுங்க உரைத்திருந்தது. ஒரு பக்கம் ‘மங்கை’ என்று வெட்டியிருந்தது. மறுபக்கம் 21.10.2008.

“பிரியந்தனுக்கு வேணுமெண்டால் ஆயிரம் குறைச்சுக் குடுக்கலாம் எண்டு சொல்லுங்கோ” என்றார்.

வதந்தியின் தொடக்கம் இதுதான். இரண்டு கிழமைக்கு முன் மணிக்கூட்டுக்குப் பற்றறி மாற்ற வந்த ஒரு வெள்ளைக்கார மனிதர், ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார், மேசையில் கிடந்த இந்தக் காசைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாராம். இருநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் சின்னக் களவுக்கும் நாடு கடத்தினார்கள். அவுஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்றுவதற்கு முன் கைதிகள் செப்புப் பென்னிகளை மழுங்க உரைத்து, தாய்க்கோ காதலிக்கோ பெயரும் இரண்டு வரியும் வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெரும்பாலானவர்கள் திரும்பி வரவில்லை. காசுகள் மட்டும் மிஞ்சி, இன்று நூதனசாலைகளில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஏலத்தில் நல்ல விலையும் போகின்றன. வாத்தியார் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிரியந்தன் சாவி வெட்ட வந்து வாசலில் நின்றிருக்கிறார். அவர் காதில் விழுந்தது கடைசி வசனம் மட்டும்.

ஆக வதந்தி பொய். காசுக்கு இருபது டொலரும் தேறாது. பத்திரிகைக்காரனாக என் வேலை அத்தோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் நீக்கிலாஸ் காசைத் திரும்ப வாங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: “உங்கட பேப்பரிலதானே அந்த அறிவித்தல் வாறது?”

எந்த அறிவித்தல் என்று அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை. பெயரையும் திகதியையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்கே விளங்கிவிட்டது. ஒவ்வொரு ஒக்ரோபர் மாதமும் எங்கள் பத்திரிகையின் பதினாறாம் பக்கத்தில் வரும். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் ஒருவரின் படம். கீழே: அமரர் ஸ்ரீஸ்கந்தராசா. மறைவு 21.10.2008. நினைவுகளுடன் மனைவி மங்கையற்கரசி, மகள் நிலாணி. இலவசப் பத்திரிகைகள் எதனால் உயிர்வாழ்கின்றன என்று வாசகர்களுக்குத் தெரியும், இறந்தவர்களால்தான். பத்து வருடமாக அந்த அறிவித்தலை எழுத்துப் பிழை பார்த்து அனுப்பியவன் நான். எழுத்தில் பிழை இருக்கவில்லை.

“இந்த வருசம் உதை எப்பிடியாவது துலைச்சுவிடுவியளோ?” என்று கேட்டார் நீக்கிலாஸ். “மெசினில பிழை, இடம் காணாது, ஏதாவது சொல்லுங்கோ.”

ஏன் என்று கேட்டேன். ஒரு குதி அடித்து முடிக்கும் நேரத்தில் சொல்லக்கூடிய கதை இல்லை அது. மற்றக் குதியையும் கழற்றிவிட்டுச் சொன்னார்.

2007இல் கொழும்பில் ஒரு லொட்ஜில், வெளிநாட்டுக்கு அனுப்புவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரனை எதிர்பார்த்து இருந்தபோது, யுத்த காலத்துச் சுற்றிவளைப்பில் நீக்கிலாஸ் பிடிபட்டார். அவர்மேல் என்ன வழக்கு என்பது ஐந்து வருடத்தின் பின், வழக்கு ஒன்றுமில்லை என்று வெளியே விட்டபோதுதான் தெரிந்தது. சிறையின் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தெற்கே ஓரிடம்.

ஸ்ரீஸ்கந்தராசாவை அங்கேதான் சந்தித்தார். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். மனைவியையும் பதினொரு வயது மகளையும் அதற்கு முந்திய வருடம் கனடாவுக்கு ஏற்றிவிட்டு, தன்னுடைய பேப்பர் வரும்வரை வேறொரு லொட்ஜில் காத்திருந்தபோது பிடிபட்டவர். நீக்கிலாஸ் அவரை ராசா அண்ணை என்று கூப்பிட்டார். பக்கத்துப் பக்கத்துப் பாய்.

காசு உரைக்கும் வழக்கம் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. நீக்கிலாஸ் போனபோதே அந்த மண்டபத்தில் இருந்தது. பழைய ஐந்து ரூபாய்தான் வேண்டும். புதிய காசு வெளியே மஞ்சள், உள்ளே இரும்பு; உரைத்தால் வெள்ளையாகும், ஊசி ஏறாது. பழையதைச் சீமெந்துத் தரையில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் உரைத்தால் முத்திரையும் எழுத்தும் போய்விடும். பிறகு பற்பொடியால் மினுக்குவது. பல்துலக்கும் பிரஷ்ஷின் பிடியைச் சூடாக்கி அதற்குள் தையல் ஊசி ஒன்றை இறக்கினால் அதுதான் உளி. வள்ளத்துக்குப் பெயர் எழுதிய கை என்பதால் வெட்டும் வேலை நீக்கிலாசிடம் வந்தது. முப்பத்துநாலு காசு வெட்டினார். பிணையில் வெளியே போகிறவர்கள் மற்றவர்களின் காசுகளைச் சவர்க்காரக் கட்டிக்குள் அமுக்கி எடுத்துப் போய் வீடுகளில் கொடுத்தார்கள்.

என்ன வெட்டுவது என்பதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு பக்கம் வீட்டில் இருக்கிறவரின் பெயர். மறுபக்கம் அடுத்த தவணைத் திகதி, அதாவது அடுத்ததாகக் கோட்டுக்குக் கூட்டிப்போகும் நாள்.

“அண்டைக்கு விட்டிடுவாங்கள் எண்டு ஒவ்வொரு தவணைக்கும் நம்புறது” என்றார் நீக்கிலாஸ். “இந்த நாள் வீட்டை வாறன் எண்டதுதான் அதின்ர அர்த்தம். எங்களுக்குள்ள அது தெரியும். செத்த நாளை ஆர் வெட்டுவான்? நினைக்கவே பயம்.”

தவணை தள்ளிப்போனால்? காசு இன்னும் கையில் இருந்தால் திகதிப் பக்கத்தை மறுபடி உரைத்துவிட்டுப் புது நாள் வெட்டவேண்டும். கோட்டு ஒவ்வொரு முறையும் தள்ளிவைக்க, காசு ஒவ்வொரு முறையும் மெலிந்தது. ராசா அண்ணை தன் காசை ஒருவரிடமும் கொடுத்துவிடவில்லை. மங்கைக்குத் தானே கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் அது நாலு தரம் உரைபட்டது. கடைசியாக வெட்டிய நாள்தான் 21.10.2008.

அந்த நாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, பெயர் வாசித்தார்கள். சாமானோடு வரச் சொன்னார்கள். வேறு சிறைக்கு மாற்றம் என்றார்கள். பஸ் நின்றது. ராசா அண்ணை காசை நீக்கிலாசின் கையில் வைத்து, “தவணை தள்ளிப்போட்டுது எண்டு கேள்விப்பட்டால் திருத்தி வையும்” என்றார். ஏறிப் போனார். எந்தச் சிறைக்கு என்று சொன்னார்களோ அந்தச் சிறையில், அப்படியொருவர் வந்து சேரவேயில்லை என்று பிறகு சொன்னார்கள். இரண்டு இடத்துப் பதிவிலும் பஸ் இருந்தது. ஆள் இருக்கவில்லை.

2014இல் நீக்கிலாஸ் கனடாவுக்கு வந்து சேர்ந்தார். வந்த இரண்டாம் மாதம் விலாசம் விசாரித்து, டோர்செட் பார்க்கில் ஒன்பதாம் மாடியில் இருந்த மங்கையற்கரசியின் வீட்டுக்குப் போனார். தனியாகச் சந்தித்து எல்லாவற்றையும் சொல்வதாகத்தான் போனது. சிறையிலிருந்து ஆள் வருகிறார் என்ற செய்தி அவருக்கு முன்னே போயிருந்தது. வீடு நிறையச் சனம். மங்கையற்கரசியின் தமையன், தமையனின் குடும்பம், பக்கத்துக் கட்டடத்து ஆட்கள். நீக்கிலாஸ் காசை எடுத்து நீட்டினார். மங்கையற்கரசி தன் பெயரைப் பார்த்தார். திருப்பித் திகதியைப் பார்த்தார். ஒரு சத்தம் எழுந்தது.

உலோகத்தில் வெட்டிய திகதி என்றால் எங்கள் சனத்துக்கு ஒரே அர்த்தம்தான். கல்லறையிலும் அறிவித்தலிலும் பார்த்துப் பழகிய கண். அறையில் ஒருவருக்கும் அதற்கு இரண்டாவது அர்த்தம் ஒன்று இருக்கலாம் என்று தோன்றவில்லை. நீக்கிலாஸ் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் தமையன் ஐயருக்குப் போன் எடுத்துவிட்டார். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி ஐப்பசி மாதத்து அபரபக்க அட்டமி என்று திதி சொன்னார். ஆறு வருடமாகப் பதிலில்லாமல் இருந்த வீட்டுக்கு ஒரு பதில் வந்துவிட்டது. எல்லாரும் அழுதார்கள். அதில் ஒரு ஆறுதலும் இருந்தது என்கிறார் நீக்கிலாஸ்.

“நான் என்னெண்டு சொல்லுறது? இல்லை, உது அவர் வாறன் எண்டு சொன்ன நாள், செத்தாரோ இருக்கிறாரோ எனக்குத் தெரியாது எண்டோ? அவ்வளவு சனத்துக்கு நடுவில?”

அன்று சொல்லவில்லை. மறுநாள் சொல்லப் போனபோது மங்கையற்கரசியின் நெற்றியில் குங்குமம் இல்லை, கழுத்தில் தாலிக்கொடி இல்லை. ஏரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். அதற்குப் பிறகு சொல்வதற்கு வாய் வரவில்லை. வருடா வருடம் திவசத்துக்கு முதல் அழைப்பு நீக்கிலாசுக்குத்தான்; நாளைக் கொண்டுவந்து தந்த மனிதர் என்று முதல் இலை அவருக்குத்தான். பத்து வருடம் போய்ச் சாப்பிட்டார். மனைவி கிறிஸ்ரினாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். திவசத்தன்று வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் அவர் கேட்பாராம்: “இண்டைக்குப் பொய்க்கு என்ன கறி?”

இப்போது நிலாணிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஐந்து மாதம். தகப்பனின் காசைச் சங்கிலியில் கோத்துப் பிள்ளைக்குப் போடவேண்டும் என்பது நிலாணியின் ஆசை. ஆனால் வெறும் திகதியாக இருந்தால் நாளைக்குப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? அதனால் மங்கையற்கரசி காசைக் கொண்டுவந்து நீக்கிலாசிடம் கொடுத்து, திகதிக்கு மேலே ‘மறைவு’ என்று வெட்டித் தரச் சொல்லியிருக்கிறார். அதே கை வெட்டினால்தான் எழுத்துப் பொருந்தும் என்று.

மூன்று கிழமையாகக் காசு லாச்சிக்குள் கிடக்கிறது. தினமும் எடுத்து வெளியே வைக்கிறார், ஊசியைத் தீட்டுகிறார், திரும்ப உள்ளே வைக்கிறார். இத்தனை நாளும் பேசாமல் இருந்ததுதான் பொய். இதை வெட்டினால் அந்தப் பொய்க்குத் தன் கையெழுத்து. பிள்ளையின் கழுத்தில்.

அறிவித்தலைத் தொலைப்பது என்னால் முடியாது என்று சொன்னேன். மனச்சாட்சி என்று யாரும் நினைக்கவேண்டாம். கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பத்திரிகையில் இல்லை. நீக்கிலாஸ் தலையாட்டினார். சப்பாத்து முடிந்தால் அடிப்பதாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அடித்தார். நான் போனபோது ஸ்டூலில் மங்கையற்கரசி இருந்தார். அறுபத்திரண்டு வயது. நெற்றியில் விபூதி மட்டும். ஒரு பக்கம் மருந்துக்கடைப் பை, மறுபக்கம் குடை. பொதி கட்டும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்ற முழங்காலை உருவிவிட்டுக்கொண்டிருந்தார். நான் சாவிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றேன். வெளியே போயிருக்கலாம். போகவில்லை.

“மூண்டு கிழமை தம்பி” என்றார் அவர். “பேத்திக்குப் பல்லு முளைச்சிடும்போல கிடக்கு.”

காசு மெல்லியது, இன்னொரு சொல் தாங்காது, மறுபக்கத்துப் பெயர் உடைந்துவிடும் என்று நீக்கிலாஸ் சொன்னார். அது உண்மையும்தான்.

“அப்ப முழுச் சொல்லு வேண்டாம். ஒரு ‘ம’ மட்டும் போட்டுவிடுமன். அது காணும்.”

நீக்கிலாஸ் ஊசியைக் கையில் எடுத்தார். மேசை விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். ஊசி முனையைக் காசின்மேல் வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். மங்கையற்கரசி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பொழுதுபோக்குக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

“நான் கனநாள் யோசிச்சனான். அஞ்சு ரூபாய்க் காசு மொத்தமாயெல்லோ இருக்கும். இது ஏன் தம்பி இவ்வளவு மெல்லிசு?”

நீக்கிலாஸ் ஊசியைக் கீழே வைத்தார்.

“நாலு தரம் உரைச்சது, அக்கா.”

“ஏன்?”

“தவணை நாலு தரம் தள்ளினவங்கள். தள்ளத் தள்ள பழைய நாளை உரைச்சுப்போட்டுப் புது நாள் வெட்டினனான்.”

அந்த நேரம் பார்த்து ஒரு பெடிச்சி கதவைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டு சாவி வெட்டவேண்டும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். நீக்கிலாஸ் வெட்டினார். மெசின் கிறீச்சிட்டது. கடைக்குள் வேறு ஒரு சத்தமும் கேட்க வழியில்லாத அந்த மூன்று நிமிடமும் மங்கையற்கரசி காசை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரி போனாள்.

“அப்ப இது அவற்ற தவணை நாள்.”

“ஓம் அக்கா.”

“வீட்டை வாறன் எண்ட நாள்.”

“ஓம்.”

“அவர் எப்ப...”

“தெரியாது அக்கா. ஒருத்தருக்கும் தெரியாது. ஒம்பது நாளுக்கு முதலே பஸ்ஸில ஏத்திக்கொண்டு போட்டாங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

“உமக்கு அண்டைக்கே தெரியும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டு பத்துத் தரம் வந்து சாப்பிட்டனீர்.”

நீக்கிலாசின் கைகள் மேசையில் கிடந்த பித்தளைத் தூளைக் கூட்டிச் சின்னக் கும்பமாக்கிக்கொண்டிருந்தன. மங்கையற்கரசி அழவில்லை. குரலும் ஏறவில்லை.

“வாறன் எண்டு சொன்ன நாளிலயெல்லோ தம்பி, நான் எள்ளுத் தண்ணி இறைச்சிருக்கிறன்.”

பிறகு, பஸ்ஸில் ஏறும்போது அவர் என்ன உடுத்திருந்தார் என்று கேட்டார். நீலக் கோடு போட்ட சேர்ட் என்றார் நீக்கிலாஸ். கண்ணாடி போட்டிருந்தாரா? ஓம், ஒரு காது நூலால் கட்டினது. காலமை சாப்பிட்டாரா? பாணும் பருப்பும்; பாதியை எனக்குத் தந்தவர். எந்தப் பக்கத்துச் சீட்? அது தெரியாது, யன்னல் எல்லாம் அடைச்சிருந்தது. ஒவ்வொரு பதிலையும் அவர் தலையாட்டி வாங்கிக்கொண்டார். திகதி போய்விட்டது, அதற்குப் பதிலாக என்ன கிடைக்குமோ அவ்வளவையும் கேட்டு எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

கடைசியாகக் கேட்டது இது: காசு யாருடையது? அவரிடம் காசு ஏது?

இஸ்ஸதீன் நானாவுடையது என்றார் நீக்கிலாஸ். ஏறாவூர் ஆள், புடவை வியாபாரி, ஏதோ சாமான் பிரச்சினையில் எட்டு மாதம் அதே மண்டபத்தில் இருந்தவர். பழைய ஐந்து ரூபாய்கள் சிலதைச் சாரத்தின் கரைக்குள் வைத்துத் தைத்திருந்தார். ராசா அண்ணை ஒன்றைக் கடனாக வாங்கினார். தவணை முடிந்து வந்து தருகிறேன் என்று சொல்லி வாங்கினார். இஸ்ஸதீன் நானா இப்போது அஜக்சில், மகன் ரம்ஸீனின் வீட்டில் இருக்கிறார்.

மங்கையற்கரசி காசைக் கைலேஞ்சியில் முடிந்து எழுந்தார். வாசலில் என்னைப் பார்த்தார். “நீங்கள் பேப்பர் ஆளெல்லோ. இந்த வருசம் அந்த அறிவித்தல் வேண்டாம்” என்றார். சரி என்றேன். பணத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. இதை எழுதலாமா என்று பிறகு போனில் கேட்டபோது, எழுதுங்கோ, ஆனால் அவரின் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடவேண்டாம் என்றார். அந்தப் பழைய அறிவித்தலை மேலே எடுத்துச் சொன்ன ஓரிடத்தைத் தவிர, நான் போடவில்லை.

தமையனுக்கும் அவருக்கும் இதனால் பேச்சில்லை. பத்து வருடம் செய்த கிரியைக்கு இப்போது என்ன அர்த்தம் என்று தமையன் ஐயரிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஐயர் பஞ்சாங்கத்தில் அதற்குப் பக்கம் இல்லை என்றாராம். நான் கேள்விப்பட்டவரையில் அவர் சொன்ன மிகச் சரியான விஷயம் அதுதான். சங்கிலியை நிலாணி வெறுங்காசாகவே கோத்துப் பிள்ளைக்குப் போட்டிருக்கிறாள். மங்கையற்கரசி மறுபடி பொட்டு வைக்கிறாரா என்று பிளாசாவில் பலருக்கு அறிய ஆவல். நான் கண்டேன். சொல்லமாட்டேன். வேண்டுமானால் ஒரு கதையைக் கட்டிக்கொள்ளுங்கள், எப்படியும் கட்டப்போகிறீர்கள்.

அடுத்த ஞாயிறு மூவரும் அஜக்சுக்குப் போனோம். பஸ்ஸில் போக மங்கையற்கரசியின் முழங்கால் விடாது, நீக்கிலாசுக்குக் கார் ஓடத் தெரியாது, அதனால் நான். மங்கையற்கரசி நீக்கிலாசுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, முன் சீட்டில் இருந்தார்.

இஸ்ஸதீன் நானாவுக்கு எழுபத்துநாலு வயது. முழங்காலில் ஒப்பரேசன் செய்து, காலை ஒரு தலையணையில் தூக்கி வைத்திருந்தார். நீக்கிலாசைக் கண்டதும் கையைப் பிடித்து விடவேயில்லை. மங்கையற்கரசியைத் தன் மகளை இருத்துவதுபோலப் பக்கத்தில் இருத்தினார். நீக்கிலாஸ் நடந்ததெல்லாம் சொன்னார். அவர் கேட்டு முடித்துவிட்டு, ராசாத் தம்பி பஸ்ஸில் போனபிறகு அவருடைய பாய் இரண்டு கிழமை விரித்தபடியே கிடந்தது என்றார். ஒருவரும் அதில் படுக்கவில்லை.

கடன் கதை வந்தது. ஒரு மனிதர் மௌத்தானால் அவரை அடக்குமுன், அவர் யாருக்கும் கடன்பட்டிருந்தால் எங்களிடம் கேளுங்கள் என்று வீட்டு ஆள் ஒருவர் எழுந்து சொல்வது முஸ்லிம்களிடம் வழக்கம். எங்கள் பக்கத்திலும் அதுதான். செத்தவரின் கடனைக் குடும்பம் தீர்க்கவேண்டும். இரண்டு தரப்புக்கும் சட்டம் தெரிந்திருந்தது.

“அத நான் எப்பவோ ஹலாலாக்கிட்டன் தங்கச்சி” என்றார் இஸ்ஸதீன் நானா. “அவர்ர பேர்ல ஒரு கடனும் இல்ல. மனசில வெச்சுக்காதீங்க.”

நீக்கிலாஸ் இதற்கென்று ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். எங்கே தேடினாரோ தெரியாது. சட்டைப் பையிலிருந்து பழைய ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை எடுத்தார். உரைக்காதது, மொத்தமானது. தான் கட்டிவிடுகிறேன் என்று நானாவின் பக்கம் நீட்டினார். அந்தப் பத்து வருடத்துக்கு ஈடாக அவரால் கொடுக்கக்கூடியது அதுதான் என்று நினைத்திருக்கவேண்டும்.

மங்கையற்கரசி அவரின் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் நீக்கிலாசிடம் பேசிய முதல் பேச்சு இது.

“நீர் குடுக்க வேண்டாம் தம்பி. வையும்.” பிறகு மற்றவரைப் பார்த்தார். “நானா, நீங்களும் மன்னிக்க வேண்டாம். மன்னிச்சதைத் திருப்பி எடுங்கோ. வாங்கினவர் வந்து தரட்டும்.”

இஸ்ஸதீன் நானா அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுப்பது மார்க்கத்தில் சரியா பிழையா என்று யோசித்தாரோ என்னவோ. கடைசியில் மகனைக் கூப்பிட்டார். அடுக்களையிலிருந்து ரம்ஸீன் ஈரக் கையோடு வந்து நின்றார்.

“மவன், ராசாத் தம்பியிட்ட இருந்து அஞ்சு ரூவா வரக் கிடக்கு. பழைய காசு. நான் மௌத்தாப் போனாலும் கேட்டு வாங்கிக்க.”

ரம்ஸீன் யார் ராசாத் தம்பி என்று கேட்கவில்லை. சரி வாப்பா என்றார்.

தேத்தண்ணி வந்தது. நீக்கிலாஸ் காசைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்ரீஸ்கந்தராசா இஸ்ஸதீன் நானாவுக்கு ஐந்து ரூபாய் கொடுக்கவேண்டும். இதை எழுதும் இன்றைக்கும் கொடுக்கவில்லை.